வளர்த்த பிராணியின் உருவத்தைக் காப்பாற்ற: உறையவைத்து உலர்த்துவதா, தோலெடுத்துப் பாடம் செய்வதா?

வீட்டில் வளர்த்த முயலோ புறாவோ பூனைக்குட்டியோ இறந்துபோனால் நம்மில் பெரும்பாலானவர்கள் வளவின் ஒரு மூலையில் புதைத்துவிட்டு அதன்மேல் ஒரு செடியை நடுவோம். சிலருக்கு மனம் கேட்காது. அந்த உருவத்தை அப்படியே வைத்திருக்க வேண்டும் என்று தோன்றும். பள்ளிக்கூட ஆய்வுகூடத்துக்கு ஒரு மாதிரி வேண்டும் என்று தேடுகிற விஞ்ஞான ஆசிரியர்களும் இருக்கிறார்கள். மகளின் முயலுக்காக நான் இதில் இறங்கியபோது யாழ்ப்பாணத்தில் தெளிவாகச் சொல்ல ஒருவரும் அகப்படவில்லை. இணையத்தில் கிடைத்ததெல்லாம் குளிர்நாட்டுக்காரர்கள் தங்கள் ஊருக்கு எழுதியது. நம் ஊர் வெயிலையும், மாரிக்கால ஈரத்தையும், எறும்பையும், கரண்ட் வெட்டையும் அவர்கள் கணக்கில் எடுப்பதில்லை. அலைந்தும், வாசித்தும், வேலை தெரிந்தவர்களிடம் கேட்டும் நான் சேர்த்தவை இவை.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உடலையே இயந்திரத்தில் உறையவைத்து உலர்த்துவதா, தோலை மட்டும் எடுத்து வேறு உடலில் போர்த்திப் பாடம் செய்வதா என்று இறந்த அன்றே முடிவெடுக்கத் தேவையில்லை. அன்று செய்ய வேண்டியது உடலைக் குளிர வைப்பது மட்டும்தான். அதைச் சரியாகச் செய்தால் யோசிக்க மாதக்கணக்கில் நேரம் கிடைக்கும். அது பிழைத்தால் எவ்வளவு காசு கொடுத்தாலும் மீட்க முடியாது.

1. முதல் சில மணி நேரம்

நம் ஊரில் பகல் வெப்பம் 30 பாகை செல்சியஸைத் தாண்டும் நாட்கள்தான் அதிகம். இந்தச் சூட்டில் உடல் சில மணி நேரத்திலேயே கெடத் தொடங்கும். அடிவயிற்றுத் தோல் பச்சை நிறமாவது முதல் அடையாளம். அந்த இடத்து மயிரை இலேசாக இழுத்தால் கொத்தாகக் கையோடு வரும். அந்தக் கட்டத்துக்குப் போன தோலை எந்த முறையாலும் காப்பாற்ற முடியாது. முயலில் இந்த ஆபத்து இன்னும் கூட. அதன் குடலில் புல்லும் இலையும் புளிக்கிற பெரிய பை ஒன்று இருக்கிறது. உயிர் போன பிறகும் அந்தப் புளிப்பு நிற்காது. வயிறு ஊதி, அங்குள்ள தோல் மற்ற இடங்களுக்கு முன்னரே கெட்டுவிடும்.

மருந்துக் கடையில் விற்கும் கையுறையைப் போட்டுக்கொண்டு, உடலை நிழலான இடத்துக்குக் கொண்டுவாருங்கள். குளிப்பாட்ட வேண்டாம். இரத்தமோ எச்சிலோ இருந்தால் ஈரத்துணியால் ஒற்றியெடுத்தால் போதும். வாயிலும் மலவாயிலிலும் சிறிது பஞ்சு வையுங்கள். உள்ளிருந்து கசிகிற நீர்தான் மயிரையும் இறகையும் நாசமாக்குவது.

பைக்குள் போடுவதற்கு முன் அளவும் படமும் எடுத்துவிடுங்கள். மூக்கு நுனியிலிருந்து கண்ணின் முன்மூலை வரை, இரண்டு கண்களுக்கும் இடையில், கழுத்துச் சுற்று, நெஞ்சுச் சுற்று, மூக்கிலிருந்து வால் அடி வரை, எல்லாவற்றையும் தையல் நாடாவால் அளந்து எழுதி வையுங்கள். உயிரோடு இருந்தபோது எடுத்த படங்களில் முகம் நேராகவும் பக்கவாட்டிலும் தெரிகிறவற்றைத் தனியாகச் சேமியுங்கள். பிறகு எவரிடம் கொடுத்தாலும் இவற்றைத்தான் முதலில் கேட்பார்கள். கண்ணின் நிறம் இறந்த பிறகு மாறிவிடும். அதற்கு உயிரோடு எடுத்த படம்தான் ஒரே சாட்சி.

பறவையென்றால் ஒரு நைலோன் காலுறைக்குள் தலை முன்னே போகும்படி நுழையுங்கள். இறகுகள் எல்லாம் ஒரே பக்கமாகப் படியும். வாலுக்கு ஒரு மட்டையை வைத்துக் கட்டுங்கள். முயலென்றால் காதுகளை முதுகோடு படியவிட்டு, கால்களை மடித்து, படுத்திருக்கும் வாக்கில் வையுங்கள். மடங்கிய காது உறைந்தபின் நிமிர்த்தப்போனால் முறிந்துவிடும்.

அடர்ந்த மயிர் உடல் சூட்டை நெடுநேரம் பிடித்து வைத்திருக்கும். அதனால் முதலில் பொலித்தீன் பையில் போட்டு, ஐஸ் பைகளுக்கு நடுவில் அல்லது பிரிட்ஜின் கீழ்த்தட்டில் ஓரிரு மணி நேரம் குளிர விடுங்கள். பிறகு காற்றை வெளியேற்றி, இரண்டாவது பை ஒன்றும் போட்டு இறுகக் கட்டி, திகதியை எழுதி உறையவையுங்கள். பத்திரிகைத் தாளில் சுற்ற வேண்டாம். அது ஈரத்தை உறிஞ்சி காதையும் விரலையும் காயவைத்துவிடும்.

2. எந்த ஃபிரீசர், எவ்வளவு காலம்

மைனஸ் 18 பாகை வேண்டும். ஒற்றைக் கதவுப் பிரிட்ஜின் மேலே இருக்கும் சிறு ஐஸ் அறை ஓரிரு நாளுக்குச் சரி, மாதக்கணக்குக்குச் சரிவராது. பனி பிடிக்காத வகைப் பிரிட்ஜில் வேறு ஒரு சிக்கல் இருக்கிறது. பனியைக் கரைப்பதற்காக அது இடைக்கிடை தானாகச் சூடாகும். அதில் உடலின் ஓரங்கள் காயும். மேலே திறக்கும் பெட்டி வகைதான் நல்லது. நன்றாகப் பொதிந்திருந்தால் ஆறு மாதம் வரை பயமில்லை. அதற்குமேல் போனால் காது, உதடு, விரல்கள் ஒவ்வொன்றாகக் காயத் தொடங்கும்.

ஒருமுறை உறைந்தது இடையில் இளகவே கூடாது. ஒரு கோப்பைத் தண்ணீரை உறையவைத்து, அதன்மேல் ஒரு நாணயத்தை வைத்து, அதே பெட்டிக்குள் விடுங்கள். எப்போதாவது நாணயம் கீழே இறங்கியிருந்தால் நீங்கள் இல்லாத நேரம் கரண்ட் போய் எல்லாம் இளகி மறுபடி உறைந்திருக்கிறது என்று பொருள். பெட்டியில் வெற்றிடம் இருந்தால் தண்ணீர்ப் போத்தல்களால் நிரப்புங்கள். நிறைந்த பெட்டி, மூடியைத் திறக்காமல் விட்டால், கரண்ட் இல்லாமலும் ஏறக்குறைய இரண்டு நாள் தாங்கும். பாதிதான் நிறைந்திருந்தால் ஒரு நாள்.

வீட்டுப் பெரியவர்களிடம் முதலே பேசிவிடுங்கள். சைவ வீடுகளில் சாப்பாடு வைக்கும் பிரிட்ஜில் செத்த உடலை வைப்பதை ஏற்கமாட்டார்கள். நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் மீனையே வீட்டுக்குள் எடுக்காத குடும்பங்கள் இருக்கின்றன. அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. சுகாதாரப்படி பார்த்தாலும் உணவோடு வைக்கக்கூடாது. மீன் வியாபாரம் செய்யும் உறவினரின் பெட்டியிலும் அதே காரணத்துக்காக வைக்க வேண்டாம். பழைய சிறு பெட்டி ஒன்றை இரண்டாம் கையாக வாங்குவதையும் செலவுக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

3. எதைத் தொடவே கூடாது

நாயோ பூனையோ கடித்துத் திரிந்து, வாயில் நுரை தள்ளி, நடக்க முடியாமல் இழுபட்டு இறந்திருந்தால் அதை வைத்திருக்கும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். விசர் நோயாக இருக்கலாம். பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு அறிவியுங்கள். தலையைக் கொழும்பு மருத்துவ ஆராய்ச்சி நிறுவகத்துக்கு அனுப்பிச் சோதிக்கும் ஒழுங்கு இருக்கிறது. அந்தப் பிராணி உங்களைக் கடித்திருந்தாலோ, அதன் எச்சில் காயத்தில் பட்டிருந்தாலோ சவர்க்காரம் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே போதனா வைத்தியசாலைக்குப் போங்கள்.

கூட்டில் பல பறவைகள் அடுத்தடுத்து இறந்திருந்தால் அவற்றையும் விட்டுவிடுங்கள். கிளி இனங்களிலிருந்தும் புறாவிலிருந்தும் மனிதருக்குத் தொற்றி நெஞ்சில் சளியையும் காய்ச்சலையும் கொடுக்கும் நோய் உண்டு. எலி வகைகளில் எலிக்காய்ச்சல். 2024 டிசம்பரில் வடமராட்சிப் பக்கம் எலிக்காய்ச்சல் என்ன செய்தது என்று நாம் பார்த்தோம். கையில் சிறு கீறல் இருந்தாலும் கையுறை இல்லாமல் எந்த உடலையும் தூக்க வேண்டாம். உறைய வைப்பதால் இந்தக் கிருமிகள் எல்லாம் சாவதில்லை என்பதையும் நினைவில் வைத்திருங்கள்.

4. சட்டமும் கடிதங்களும்

வளர்ப்பு முயல், வளர்ப்புப் புறா, கோழி, நாய், பூனை, கினிப்பன்றி, ஹாம்ஸ்டர் இவற்றில் சிக்கல் குறைவு. ஆனாலும் மிருக வைத்தியரிடம் ஒரு கடிதம் வாங்கி வையுங்கள். பிராணியின் இனம், வயது, உங்கள் பெயர், இறந்த திகதி, தெரிந்த காரணம், தொற்றுநோய் அறிகுறி இருந்ததா என்பவை அதில் இருக்க வேண்டும். பாடம் செய்பவர்களில் பொறுப்பானவர் இதைக் கேட்பார். வீதிச் சோதனையில் பெட்டியைத் திறந்து காட்டச் சொன்னாலும் இந்தத் தாள் உதவும். அடையாள அட்டைப் பிரதியையும் அதோடு சேர்த்துக் கட்டுங்கள்.

காட்டுயிர் என்றால் கதை வேறு. 1937 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்க விலங்கின, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின்படி பாதுகாக்கப்பட்ட விலங்கை மட்டுமல்ல, அதன் தோல், ஓடு, இறகு போன்றவற்றை வைத்திருப்பதும் குற்றமாகலாம். வீதியில் அடிபட்டுக் கிடந்தது, கடற்கரையில் ஒதுங்கியது, நாய் கவ்வி வந்தது என்பதால் அது உங்களுடையதாகாது. அலுங்கு, கடலாமை, பூநாரை இவற்றில் கை வைக்க வேண்டாம். நட்சத்திர ஆமையைச் செல்லமாக வளர்க்கும் வீடுகள் இருக்கின்றன. அது பாதுகாக்கப்பட்ட இனம், 2019 முதல், அருகிவரும் உயிரினங்களின் சர்வதேச வியாபாரத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் மிகக் கடுமையான முதலாம் பட்டியலிலும் இருக்கிறது. அனுமதி கொடுக்கும் அதிகாரம் வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்துக்குத்தான். விதானையாரின் கடிதமோ பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதியோ அதற்கு ஈடாகாது. பள்ளிக்கூடத்துக்கு என்று சொல்பவர்களுக்கும் இதே சட்டம்தான். அதிபரின் கடிதத்தோடு திணைக்களத்துக்கு முதலில் எழுதிக் கேட்டு, பதில் வந்த பிறகு தொடங்குங்கள்.

வெளிநாட்டுக் கூண்டுப் பறவைகளில் பட்ஜி, கொக்கட்டீல், பீச் நிற முகமுள்ள லவ் பேர்ட் மூன்றும் சைட்டிஸ் பட்டியல்களில் இல்லை. சாம்பல் நிற ஆபிரிக்கக் கிளி முதலாம் பட்டியலில் இருக்கிறது. அதை வாங்கிய பற்றுச்சீட்டு, இறக்குமதிப் பத்திரங்கள் இருந்தால் பத்திரப்படுத்துங்கள்.

பலாலியில் விமானம் ஏறினால் சென்னை பக்கம்தானே, அங்கே கொண்டுபோய்ச் செய்யலாமே என்று சிலர் சொல்வார்கள். உடலைப் பயணப் பையில் வைத்துக்கொண்டு போகிற காரியம் அல்ல இது. இங்கிருந்து போவதற்குக் கால்நடை உற்பத்தி சுகாதாரத் திணைக்களத்தின் சான்றிதழ், அங்கே இறக்குவதற்கு அந்த நாட்டுத் தொற்றுத்தடுப்பு அதிகாரிகளின் முன்அனுமதி, முடித்துத் திரும்பக் கொண்டுவர இங்கே இறக்குமதி அனுமதி, எல்லாம் வேண்டும். பட்டியலிட்ட இனமென்றால் சைட்டிஸ் அனுமதியும் சேரும். ஒரு சிறு பிராணிக்காக இதைச் செய்யச் சொல்லி நான் ஒருவருக்கும் சொல்லமாட்டேன்.

5. இரண்டு முறையிலும் உண்மையில் என்ன நடக்கிறது

தோலெடுத்துப் பாடம் செய்யும்போது உடல் உள்ளே இருக்காது. தோலை முழுதாக உரித்து, கொழுப்பும் சதையும் சுரண்டி, முயல் போன்றவற்றின் தோலை உப்பிட்டு, அமிலக் கரைசலில் ஊறவைத்து, சீனாக்காரம் போன்ற பொருளால் பதனிடுவார்கள். பறவைத் தோலைக் கழுவி உலர்த்தி உட்பக்கம் வெண்காரம் தடவுவார்கள். பிறகு கம்பி, மரச்சீவல், நுரைப்பிளாஸ்டிக் இவற்றால் செய்த உடலின்மேல் தோலைப் போர்த்தி, கண்ணாடிக் கண் வைத்து, தைத்து, ஊசி குத்தி, காயவிடுவார்கள். சிறு பிராணி காய்வதற்கு இரண்டு முதல் நான்கு வாரம் பிடிக்கும். நல்ல கைகளுக்கு வரிசை நீளம், அதனால் மொத்தத்தில் பல மாதம் என்று வையுங்கள்.

உறையவைத்து உலர்த்தும்போது உடலே நிற்கும். விரும்பிய நிலையில் உறையவைத்த உடலை ஒரு இயந்திர அறைக்குள் வைத்து காற்றை இறைத்துவிடுவார்கள். அழுத்தம் 611 பாஸ்கலுக்குக் கீழே போய்விட்டால் பனிக்கட்டி தண்ணீராகாமல் நேரே ஆவியாகும். அந்த ஆவியை மைனஸ் 40 பாகைக்கும் கீழே குளிர்ந்த ஒரு சுருள் பிடித்து வைத்துக்கொள்ளும். தண்ணீர் நிலையைத் தொடாமலே ஈரம் போவதால் உடல் அவ்வளவாகச் சுருங்காது. வெயிலில் காயும் கருவாடு சுருங்கி முறுகுகிறதே, அது இதில் நடக்காது. இடைக்கிடை நிறுத்து நிறுத்துப் பார்ப்பார்கள். எடை இறங்குவது நின்றால் வேலை முடிந்தது. சிட்டு அளவுப் பறவைக்குச் சில வாரம், முயலுக்கும் பூனைக்கும் இரண்டு மாதத்திலிருந்து ஆறு மாதம் வரை. அணிலை விடப் பெரிய உடலில் குடலையும் உள்ளுறுப்புகளையும் முதலே எடுத்துவிடுவது வழக்கம். இதிலும் கண் கண்ணாடிதான்.

இந்த முறையில் போவது தண்ணீர் மட்டும். கொழுப்பு அப்படியே உள்ளே நிற்கும். நன்றாகத் தின்று கொழுத்த வீட்டுப் பூனையை உலர்த்தினால் சில காலத்தில் கொழுப்புக் கசிந்து மயிர் எண்ணெய் பிடித்து, சிக்கு நாற்றம் வரும். மற்றது, உள்ளே காய்ந்த சதை முழுதாக இருக்கிறது. தோலையும் மயிரையும் தின்னும் சிறு வண்டுகளின் புழுக்களுக்கும், எறும்புக்கும் அது விருந்து. காற்றில் ஈரம் கூடினால் அந்தச் சதை ஈரத்தை மறுபடி உறிஞ்சும். கார்த்திகை, மார்கழியில் சுவரெல்லாம் வியர்க்கும் நம் ஊரில் இந்த மூன்றாவது விஷயம்தான் பெரிது.

6. சரி, எதைத் தெரிவு செய்வது

முயலில் தொடங்குகிறேன். முயல் தோல் மெல்லியது, ஈரத்தாள் கிழிவதுபோல் கிழியும் என்று வேலை தெரிந்தவர்களே சொல்வார்கள். தோலெடுத்துச் செய்தால் உடல் நன்றாக வரும், முகம் வேறு ஒரு முயலின் முகமாகிவிட வாய்ப்பு நிறைய. வளர்த்த பிள்ளை அதை ஒரு பார்வையில் கண்டுபிடித்துவிடும். பூனை, நாய்க்குட்டிக்கும் இதே கதை. பாடம் செய்பவர்களில் பலர் வீட்டுப் பிராணிகளை எடுக்க மறுப்பதற்குக் காரணம் இதுதான். காட்டு மிருகத்தின் முகத்தை ஒருவரும் நெருங்கிப் பார்த்ததில்லை. வளர்த்த பூனையின் முகத்தை நாள்தோறும் மடியில் வைத்துப் பார்த்திருப்பீர்கள். முகம் முக்கியம் என்றால் உறையவைத்து உலர்த்துவதுதான் வழி. ஆனால் இரண்டு நிபந்தனை. பிராணி மெலிந்த உடலாக இருக்க வேண்டும், நீங்கள் அதைக் காற்றுப் புகாத கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்க வேண்டும். இரண்டில் ஒன்று முடியாதென்றால் நான் இந்த முறையைச் சொல்லமாட்டேன்.

புறாவின் இறகு தொட்டாலே உதிரும், தோலும் மெல்லியது. கைதேர்ந்தவர் இல்லாமல் தோலெடுக்கக் கொடுத்தால் வெறுங்கையோடு திரும்பி வருவீர்கள். ஆனாலும் கைதேர்ந்தவர் கிடைத்தால் பறவைகளுக்குத் தோலெடுக்கும் முறையே நம் ஊருக்கு ஏற்றது என்பது என் முடிவு. பறவையின் முகத்தில் சதை இல்லை, அலகும் கால்களும் இயல்பாகவே காய்ந்து நிற்பவை, அதனால் சாயல் தப்பாது. உள்ளே சதை இல்லாததால் வண்டுக்கும் வேலை குறைவு. பட்ஜி, பிஞ்ச் போன்ற மிகச் சிறியவற்றுக்கு இரண்டும் சரிவரும். சூரியகாந்தி விதையே தின்று கொழுத்த பட்ஜியாக இருந்தால் மட்டும் உலர்த்துவதைத் தவிருங்கள்.

ஒரு நாள், இரண்டு நாள் வயதுக் கோழிக்குஞ்சு, தவளை, ஓணான் அளவு ஊர்வன இவற்றைத் தோலெடுத்துச் செய்வது மிகக் கடினம். உலர்த்தினால் அழகாக வரும். ஆய்வுகூட மாதிரிக்கு இந்த வகைதான் நல்லது, மேலே சொன்ன சட்டத்துக்கு உட்பட்டு. ஹாம்ஸ்டரும் கினிப்பன்றியும் நடுவில் நிற்பவை. விரல் நுணுக்கத்துக்கு உலர்த்தல் நல்லது, கொழுப்புக்குத் தோலெடுத்தல் நல்லது. மீன்தொட்டி மீனுக்கு இரண்டையும் விட்டுவிட்டு, போத்தலில் திரவத்தில் வைப்பதை யோசியுங்கள்.

தோலெடுத்துச் செய்தது எவ்வளவு காலம் நிற்கும் என்று கண்ணால் பார்க்க விரும்பினால், கொழும்புக்குப் போகும்போது தேசிய இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்குள் ஒருமுறை நுழையுங்கள். கண்டி தலதா மாளிகை வளவில் 1988 இல் இறந்த ராஜா யானை இன்றும் நிற்கிறது. அளவு வேறு, ஆனால் நம் நாட்டு ஈரத்தில் இந்த முறை எப்படித் தாக்குப்பிடிக்கிறது என்று விளங்கும். ஒன்று மட்டும், பழைய வீடுகளில் கிடைக்கும் பழங்காலப் பாடம் செய்த தலைகளைக் கையால் தடவ வேண்டாம். அந்தக் காலத்தில் ஆர்செனிக் நஞ்சு பூசினார்கள்.

7. வேலை செய்பவரைத் தேர்ந்தெடுப்பது

யாழ்ப்பாணத்தில் இதைக் கடை வைத்துச் செய்பவர் எவரும் எனக்கு அகப்படவில்லை. மிருக வைத்தியர்கள், பல்கலைக்கழக விலங்கியல் பக்கம் இருப்பவர்கள், புறா வளர்ப்பவர்கள் வழியாகத்தான் பெயர்கள் கிடைக்கும். கிடைத்த பெயரோடு உடனே பேசி முன்பணம் அனுப்ப வேண்டாம். கிடைத்தவர்களில் ஒருவர் முழுத்தொகையையும் முன்கூட்டியே கேட்டார், செய்த வேலை ஒன்றைக் காட்டு என்றதும் தொலைபேசியை எடுப்பதையே நிறுத்திவிட்டார்.

மூன்று வருடத்துக்கு முன் செய்த வேலையைக் காட்டச் சொல்லுங்கள். நேற்று முடித்தது எல்லாம் அழகாகத்தான் இருக்கும். பழையதில் மூக்கு, உதடு, காது நுனி, விரல் இடுக்கு, தையல் ஓடும் வயிற்றுப்பக்கம் இவற்றைப் பாருங்கள். முகர்ந்தும் பாருங்கள்.

உலர்த்தித் தருகிறேன் என்பவரிடம் இயந்திரத்தைக் காட்டச் சொல்லுங்கள். வீட்டு ஃபிரீசரில் ஒரு வருடம் விட்டு எடுப்பதையும், போர்மலின் ஊசி போட்டுக் காயவைப்பதையும் இந்தப் பெயரில் விற்பவர்கள் உண்டு. இரண்டிலும் உடல் சுருங்கும், முகம் இறுகும். பழங்கள் உலர்த்தும் உணவு இயந்திரத்தில் செய்து தருகிறேன் என்று சொன்னால் உடனே எழுந்து வந்துவிடுங்கள். அதே இயந்திரத்தில் நாளை மனிதர் சாப்பிடும் பொருள் காயும்.

கரண்ட் வெட்டுக்கு ஜெனரேட்டர் இருக்கிறதா, உள்ளுறுப்புகளை எடுப்பாரா, கொழுப்பை என்ன செய்வார், பூச்சிக்கு எதிராக என்ன போடுவார் என்று கேளுங்கள். பதில் உடனே வராத கேள்வியில்தான் சிக்கல் இருக்கும். பிறகு எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி இருவரும் ஒப்பமிடுங்கள். உட்கார்ந்ததா படுத்ததா, கண் நிறம், முடியும் மாதம், முன்பணம், மீதி, தோல் கெட்டால் எவ்வளவு திருப்பித் தருவார், மிஞ்சும் உடலை என்ன செய்வார் என்பவை அதில் இருக்க வேண்டும். கடைசியில் சொன்னதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். தோலெடுத்த உடலைத் திருப்பி வாங்கிப் புதைக்க விரும்பினால் அதை முதலே சொல்ல வேண்டும்.

8. செலவு

முன்பணமாகப் பாதி, முடிந்ததும் மீதி என்பது இந்தத் தொழிலில் எங்கும் உள்ள வழக்கம். உலர்த்தல் உடல் எடையைப் பார்த்து விலை பேசப்படும். தோலெடுத்தல் கைவேலையைப் பார்த்து. அமெரிக்காவில் சிறு பறவை ஒன்றுக்குச் சில நூறு டொலரும், பூனை அளவு உடலை உலர்த்த ஆயிரம் டொலர் அளவிலோ அதற்கு மேலோ கேட்கிறார்கள். இயந்திரம் மாதக்கணக்கில் நிற்காமல் ஓட வேண்டும், மின்கட்டணம் அதற்குள்தான் வருகிறது. இங்கே எவராவது அதில் பத்தில் ஒரு பங்குக்குச் செய்து தருகிறேன் என்றால் எதையோ விட்டுவிட்டுத்தான் செய்வார்.

பேசிய விலைக்கு வெளியே வருபவை: கண்ணாடிக் கண், மரத்தளம், கண்ணாடிப் பெட்டி, கொழும்பில் இருப்பவரிடம் கொடுத்தால் போய்வரும் செலவு இரண்டு முறை, சேமித்து வைத்த காலத்து மின்சாரம். உலர்த்தும் முறையில் போகிறவர்கள் பெட்டிக்கான காசை முதலில் ஒதுக்கிவிட்டு மிச்சத்தில் விலை பேசுங்கள்.

காசு கட்டுப்படியாகவில்லை என்றால் பாதத்தை மென்களிமண்ணில் பதித்து அச்செடுப்பது, ஒரு கொத்து மயிரையோ இறகையோ சட்டமிட்டு வைப்பது என்ற வழிகளும் இருக்கின்றன. அவற்றைக் குறைவாக நினைக்க வேண்டாம்.

9. கொண்டுபோவது

யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு ஏறக்குறைய 400 கிலோமீற்றர், நல்ல வேகத்திலும் எட்டு மணி நேரம். இரவில் புறப்படுங்கள். கல்லாக உறைந்த உடலை, பைகளோடு, தடித்த ரெஜிபோம் பெட்டியில் வையுங்கள். மீன் ஏற்றுபவர்களிடம் இந்தப் பெட்டி கிடைக்கும், புதிதாகப் பார்த்து வாங்குங்கள்.

சாதாரண ஐஸ் போட்டால் போதும் என்று நினைப்பதுதான் பெரிய பொறி. கரைகிற ஐஸ் பூச்சியம் பாகையில் நிற்கும், பிராணியின் உடல் அதைவிடக் குளிராக இருக்க வேண்டும். குருநகர், பாசையூர்ப் பக்கம் ஐஸ் வாங்கி நொறுக்கி, மூன்று பங்கு ஐஸுக்கு ஒரு பங்கு உப்பு என்ற கணக்கில் கலந்தால் மைனஸ் 20 பாகைக்குக் கிட்ட இறங்கும். ஆனையிறவுக் கல்லுப்பே போதும். இந்தக் கலவையைத் தனித்தனிப் போத்தல்களிலும் இறுகிய பைகளிலும் அடைத்து உடலைச் சுற்றி அடுக்குங்கள். உப்புநீர் தோலில் படவே கூடாது. உலர்பனி கிடைத்தால் இன்னும் நல்லது, அது மைனஸ் 78 பாகை. ஆனால் அதிலிருந்து வரும் வாயு மூச்சை அடைக்கும். பெட்டியை இறுக மூடாமல், வாகனக் கண்ணாடியைத் திறந்துவைத்துப் போங்கள்.

பஸ்ஸில் பொதியாகப் போட்டு அனுப்ப வேண்டாம். ஒரு மணி நேரம் எங்காவது வெயிலில் கிடந்தால் போதும். கூட ஒருவர் போக வேண்டும். போய்ச் சேரும் நேரத்துக்கு அங்கே ஃபிரீசரில் இடம் இருக்கிறதா என்று முதல்நாளே உறுதி செய்யுங்கள்.

10. வீட்டுக்கு வந்த பிறகு

காற்றுப் புகாத கண்ணாடிப் பெட்டி, அடித்தளத்துக்குக் கீழே சிலிக்கா ஜெல், உள்ளே ஒரு சிறு ஈரமானி. ஈரம் 55 சதவீதத்துக்குக் கீழே நிற்க வேண்டும். நிறம் மாறும் வகை ஜெல்லாக வாங்கினால் எப்போது மாற்றுவது என்று பார்த்தாலே தெரியும். பழையதைச் சமையலுக்குப் பயன்படாத தட்டில் பரப்பி கேக் சுடும் அவனில் 110 பாகை அளவில் காயவைத்து மறுபடி போடலாம்.

நேர் வெயில் படும் யன்னலருகே வைத்தால் சில வருடத்தில் நிறம் வெளிறும். சாமியறை வேண்டாம். விளக்கெண்ணெய்ப் புகையும் சாம்பிராணிப் புகையும் மயிரில் படிந்தால் எடுப்பது கடினம். குசினிச் சுவரை ஒட்டியும் வேண்டாம். மேசைக் கால்களை எறும்புக்குத் தண்ணீர்க் கிண்ணத்தில் வைக்கும் பழக்கம் இங்கே ஈரத்தைக் கூட்டும். கால்களில் எண்ணெய்த் துணி சுற்றுவது நல்லது.

மாதம் ஒருமுறை பெட்டியின் அடியைப் பாருங்கள். மாவு போன்ற தூளோ, மயிர் நிறைந்த சிறு தோற்கூடுகளோ கிடந்தால் வண்டுப் புழு வந்துவிட்டது. பதற வேண்டாம். பிராணியைப் பையில் போட்டுக் காற்றை வெளியேற்றி இறுகக் கட்டி, மைனஸ் 20 பாகையில் இரண்டு வாரம் விடுங்கள். எடுத்த பிறகு அறைச் சூட்டுக்கு வரும்வரை, ஒரு முழு நாள், பையைத் திறக்காதீர்கள். குளிர்ந்த மயிரில் நம் ஊர்க் காற்றுப் பட்டால் உடனே வியர்க்கும். அதற்கிடையில் பெட்டியையும் தளத்தையும் தூசி உறிஞ்சியால் எடுத்து, மூலைகளைத் துடைத்து, புதிய ஜெல் போட்டு வையுங்கள்.